கரோ மாத இதழ்: கமுய்தென்னுக்காகக் கட்டிய வீடா, ட்சுகேவின் வீடா?

1. பழையதாள்

போன வாரம் இன்னொரு இழையில் ஒருவர், "கரோ என்றால் ட்சுகே யோஷிஹாரு, அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போனார். இரண்டு நாளாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. கரோ ஜப்பானில் வந்த காமிக்ஸ் மாத இதழ், ட்சுகே அதில் வரைந்த ஓவியர். அவர் மீது எனக்கு மரியாதை குறைவில்லை. ஆனால் அந்த இதழ் எதற்காகப் பிறந்தது, யார் காசில் ஓடியது, யார் வாங்கினார்கள் என்பதை விட்டுவிட்டால் ட்சுகேவையே நாம் பாதிதான் வாசித்தவர்களாவோம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போருக்குப் பிந்தைய ஜப்பானில், புத்தகம் வாங்க வசதியில்லாதவர்களுக்காகத் தெருவுக்குத் தெரு வாடகைப் புத்தகக் கடைகள் இருந்தன. காஷிஹொன் என்பார்கள். ஆலைகளில் வேலை செய்த இளவட்டங்கள்தான் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். இந்தக் கடைகளுக்கென்றே தனியாகக் காமிக்ஸ் அச்சாகும். சன்மானம் சொற்பம், ஆனால் தலையிட ஆள் குறைவு. "கெகிகா" என்ற முரட்டு நடை வளர்ந்ததும் இந்த உலகத்தில்தான். ஷிராதோ சான்பெய், மிஸுகி ஷிகேரு, ட்சுகே மூவருமே அங்கிருந்து வந்தவர்கள். 1959இல் ஷோனென் மகஸின், ஷோனென் சண்டே என்று வார இதழ்கள் இறங்கின. தொலைக்காட்சியும் வீட்டுக்குள் வந்தது. சில வருடங்களில் வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூட, அந்த ஓவியர்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

நகாய் கத்சுயிச்சி அந்த வாடகைப் புத்தகத் தொழிலில் ஊறிய பதிப்பாளர். காசநோயில் கிடந்து எழுந்தவர். 1959 முதல் 1962 வரை ஷிராதோவின் "நிஞ்ஜா புகெய்ச்சோ"வைத் தொகுதி தொகுதியாகப் போட்டவரும் அவர்தான். ஷிராதோவோ பாட்டாளி வர்க்க ஓவிய இயக்கத்தைச் சேர்ந்த ஒகாமோதோ தோகியின் மகன். விவசாயிகளையும் ஒதுக்கப்பட்டவர்களையும் நடுவில் வைத்து, ஷோகன்கள் ஆண்ட “எதோ” காலத்தை முழுதாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் கனவு. எந்த வார இதழும் அதற்கு இடம் தந்திருக்காது. ஆகவே இருவரும் சேர்ந்து இடத்தையே உண்டாக்கினார்கள். ஷிராதோ தன் கைக்காசையும் போட்டார். 1964 ஜூலையில், செப்டம்பர் இதழ் என்ற தேதியோடு, நகாயின் செய்ரிந்தோ பதிப்பக வெளியீடாகக் கரோ கடைக்கு வந்தது. ஷிராதோவின் ஒரு நிஞ்ஜா பாத்திரத்தின் பெயரே இதழின் பெயர். டிசம்பர் இதழில் ஷிராதோவின் அந்தக் கனவுக் கதை, "கமுய்தென்", தொடங்கியது. மாதம் ஏறத்தாழ 100 பக்கம், 1971 ஜூலை வரை.

முதலில் இதழ் சிறுவர்களை மனதில் வைத்தே வந்தது. ஷிராதோ பிள்ளைகளுக்குத்தான் சொல்ல நினைத்தார். வாங்கியதோ பல்கலைக்கழக மாணவர்கள். அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்த 1960 போராட்டம் தோற்ற கசப்பு ஆறாத காலம். அடுத்த மாணவர் எழுச்சி திரண்டுகொண்டிருந்தது. உச்சத்தில் 80,000 பிரதிகள் வரை போயிற்று. அந்த 80,000 பேரும் முதலில் கமுய்தென்னுக்காகத்தான் வாங்கினார்கள். ட்சுகே அந்த வீட்டுக்குள் வந்த விருந்தாளி.

2. மலர்விழி_சேலம்

அண்ணா, விருந்தாளி என்று சொல்வதுதான் எனக்கு இடிக்கிறது. வீட்டைக் கட்டியவர் ஷிராதோ, சரி. அந்த வீட்டுக்குள் வேறு எங்கும் வாழ முடியாத ஒன்று பிறந்ததே, அதை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

1968 ஜூன் மாதம் ட்சுகேவுக்கென்றே ஒரு சிறப்பிதழ் வந்தது. அதில்தான் "நெஜிஷிகி". கடலில் குளித்தபோது ஏதோ ஒரு ஜெல்லி மீன் கடித்து, பையனின் இடது கையில் ரத்தக்குழாய் அறுந்துவிடுகிறது. அறுந்த நுனியைப் பிடித்துக்கொண்டு வைத்தியரைத் தேடி மீனவக் கிராமத்துக்குள் நடக்கிறான். தெரு முழுக்கக் கண் மருத்துவர் பலகைதான், பெரிய பெரிய கண்கள். ரயில் வருகிறது, ஓட்டுவது நரி முகமூடி போட்ட ஒரு சிறுவன். கடைசியில் ஒரு பெண் மருத்துவர் குழாயில் திருகு ஒன்றை மாட்டிவிடுகிறார். அவ்வளவுதான் கதை. இந்த நரி முகமூடியை எந்த வார இதழ் ஆசிரியர் அனுமதித்திருப்பார்?

இன்னொன்று. அந்த ஜெல்லி மீனுக்குப் பெயர் "மெமெ குராகே". ட்சுகே எழுதியது பெயரே இல்லை. "இன்ன" ஜெல்லி மீன் என்கிற பொருளில் இரண்டு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். எழுத்துக் கோத்தவர் அதைக் கதகனா எழுத்தில் "மெமெ" என்று படித்துவிட்டார், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. ட்சுகே திருத்தச் சொல்லவில்லை. அது அப்படியே நின்று, இன்றைக்கும் ஜப்பானியக் காமிக்ஸ் வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்த உயிரினமாகிவிட்டது. பிழையைக்கூடக் கதை தனக்குள் இழுத்துக்கொண்டது. கரோ என்றால் எனக்கு இதுதான்.

3. கரிக்கோடு

இரண்டு பேரும் சொல்வது சரிதான். ஆனால் இரண்டு பேரும் தொடாத ஒன்று இருக்கிறது. காசு.

1971இல் கமுய்தென் முடிந்ததும் விற்பனை சரிந்தது. அதன் பிறகு கரோ ஓவியர்களுக்குச் சன்மானமே தரவில்லை. தாமதம் இல்லை, குறைவு இல்லை, அறவே இல்லை. 1970கள், 80கள், 90கள் என்று இப்படியே ஓடியது. இதை யாராவது எழுதும்போது "வறுமையிலும் சுதந்திரம்" என்று ஒரு மாதிரி பூரிப்போடு எழுதுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் படம் போட்டுப் பிழைக்கிறவன். ஒரு பத்திரிகைக்கு ஒன்றரை வருடம் தொடர்கதைக்குப் படம் போட்டேன். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் "உங்க பேரு வெளிய தெரியுதுல்ல" என்பார்கள். பேர் தெரிந்தது. வாடகைக்கு அக்காவிடம் கடன் வாங்கினேன். ஆகவே சன்மானம் தராத ஒரு பதிப்பாளரை மகானாக்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள் என்கிறேன். "தலையிடவில்லை" என்பது பெரிய குணம்தான். காசு தராதவனுக்குத் தலையிட என்ன உரிமை?

4. ஜிம்போச்சோ நடையன்

கரிக்கோடு, உங்கள் கோபம் நியாயம். அதைக் குறைக்க வரவில்லை. நான் தோக்கியோவில் 11 வருடமாக இருக்கிறேன், பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

செய்ரிந்தோ கண்டா ஜிம்போச்சோவில் இருந்தது, ஒரு மரக்கடையின் மாடியில். ஜிம்போச்சோ என்றால் பழைய புத்தகக் கடைகள். யாசுகுனி சாலையின் தெற்குப் பக்கத்தில்தான் பெரும்பாலான கடைகள் வரிசையாக இருக்கும், வடக்குப் பார்த்து. வெயில் பட்டால் தாள் மங்கிவிடும் என்பதற்காக அப்படி. அந்த இதழ் வளர்ந்த இடம் அது. பெரிய பதிப்பகம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் பார்க்காதீர்கள். உச்சத்தில் 80,000 போன இதழ் பின்னாளில் சில ஆயிரம் பிரதிக்கு இறங்கியது. நகாய் மாளிகை கட்டவில்லை.

அப்படியானால் ஓவியர்கள் ஏன் அங்கே போனார்கள்? கரோ ஒரு வாசலாக இருந்தது. இகெகாமி ரியோயிச்சி 1966இல் கரோவில் வந்தார், மிஸுகியிடம் உதவியாளராகச் சேர்ந்தார், பிறகு பெரிய வார இதழ்களின் நட்சத்திரம் ஆனார். ஃபுருகாவா மாஸுஸோ கரோவில் வரைந்தவர். 1980இல் நகானோ பிராட்வேயில் ஒரு சின்னப் பழைய காமிக்ஸ் கடை திறந்தார். அதுதான் மந்தராகே. இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் ஏறி இறங்கும் கடை. சுகியுரா ஹினாகோ 1980இல் கரோவில் அறிமுகமாகி, எதோ கால வாழ்க்கையைப் பற்றிப் பேச நாடே கூப்பிடும் ஆளாக ஆனார்.

எல்லோருக்கும் இப்படி நடக்கவில்லை என்பது எனக்கும் தெரியும்.

5. கரிக்கோடு

கடைசி வரிதான் எனக்கு முக்கியம். வாசலைத் தாண்டிப் போனவர்கள் பெயரைச் சொல்கிறோம். வாசலிலேயே நின்றுவிட்டவர்கள்?

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சன்மானம் கொடுத்த காலத்திலும் நகாய் தலையிடவில்லை. "நெஜிஷிகி" 1968. அப்போது காசு இருந்தது. ஆகவே "காசு தராதவனுக்கு என்ன உரிமை" என்று நான் எழுதியது அவருக்குப் பொருந்தாது. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். மற்றதில் மாற்றமில்லை.

6. செந்தூரன்_மொன்றியல்

வணக்கம். இந்தக் கதையை வாசிக்கச் சந்தோஷமாக் கிடக்கு. நான் இருக்கிறது மொன்றியல். ட்சுகேயின்ர, ஷிராதோவின்ர, ட்சுரிதாவின்ர புத்தகங்களை ஆங்கிலத்தில போடுற ட்ரோன் அன்ட் குவார்ட்டர்லி இந்த ஊர்க்காரர்தான். அவையின்ர கடையில நின்டு நின்டே கனக்க வாசிச்சிட்டன்.

ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேணும். 80களின்ர கடைசியில அமெரிக்காவில "லெஜன்ட் ஒஃப் கமுய்" எண்டு வந்தது கரோவில வந்த கமுய்தென் இல்லை. அது "கமுய் கய்தென்", தப்பியோடின நிஞ்ஜாவின்ர தனிக்கதையள். கய்தென் முதலில வந்தது ஷோனென் சண்டேயில. கரோவில வந்த பெரிய கதை ஆங்கிலத்தில வரத் தொடங்கினது 2023இலதான். அதனால கனபேர் கமுய்தென் வாசிச்சிட்டம் எண்டு நினைச்சுக்கொண்டு வேற ஒண்டைப் பற்றிக் கதைக்கினம்.

பழையதாள் ஐயா, நீங்கள் சொன்ன அந்தப் பெரிய கதையில என்னைப் பிடிச்சு நிப்பாட்டினது நிஞ்ஜா இல்லை. ஷோஸுகே எண்ட விவசாயப் பெடியன். எரு, பருத்தி, தண்ணி, வரி. ஒரு ஊர் எப்பிடி விளைவிக்குது, அதை எப்பிடிப் பறிக்கினம் எண்டு பக்கம் பக்கமாப் போகுது. கமுய் பிறந்தது "ஹினின்" எண்டு ஒதுக்கி வைச்ச ஆக்களுக்குள்ள. அந்தச் சொல்லின்ர நேர் அர்த்தமே "மனிசர் இல்லாதவர்". விவசாயியையும் அவையையும் ஒருத்தருக்கு ஒருத்தர் எதிரியா வைச்சிருக்கிறதிலதான் ஆட்சி நிக்குது எண்டதை, ஷோஸுகே அந்தப் பக்கத்துப் பெட்டையைக் கட்டுறதிலயே ஷிராதோ காட்டிப்போடுவார்.

7. பழையதாள்

செந்தூரன், அருமை. அந்தக் குழப்பத்தில் நானும் பல வருடம் இருந்தவன்தான்.

கதையின் முடிவைச் சொல்லப்போகிறேன், தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கிளர்ச்சி அடக்கப்படுகிறது. பிடிபட்ட ஷோஸுகேவை ஷோகனின் நகரமான எதோவுக்குக் கொண்டுபோகிறார்கள். கடைசியில் உயிரோடு விட்டுவிடுகிறார்கள், நாக்கை அறுத்து. மற்ற எல்லோரும் செத்திருக்க இவன் மட்டும் ஏன் பிழைத்தான் என்று ஊர் கேட்கிறது. காட்டிக்கொடுத்தான் என்று முடிவுகட்டுகிறது. அவனால் வாய் திறந்து ஒரு சொல் சொல்ல முடியவில்லை. தன் ஊர்க்காரர்கள் கையாலேயே அடிபடுகிறான். 1971இல், மாணவர் இயக்கம் சிதறி ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டிருந்த நேரத்தில் வாசகன் கையில் இது வந்து சேர்ந்தது. அந்தப் பக்கங்களை என்னால் இன்றும் தொடர்ச்சியாகப் படிக்க முடியாது. நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வருவேன்.

படம் பற்றியும் ஒன்று. இவ்வளவு பக்கத்தை ஒருவர் கை வரைந்துவிட முடியாது. ஷிராதோ தன் அகாமே புரொடக்‌ஷனில் உதவியாளர்களை வைத்திருந்தார். இடையில் கோஜிமா கோசெகி வந்து சேர்ந்தார். பின்னாளில் வாளேந்திய தந்தையும் தள்ளுவண்டிக் குழந்தையும் வரும் தொடரை வரைந்து உலகப் புகழ் பெற்றவர் அவரேதான். அவர் வந்த பிறகு தூரிகைக் கோடு எப்படி மாறுகிறது என்று வரிசையாக வைத்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

8. மலர்விழி_சேலம்

இவ்வளவு நேரம் ஆண்கள் பெயராகவே வருகிறது. நான் சொல்லாவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள் போல.

ட்சுரிதா குனிகோ. 1965இல், பதின்வயதிலேயே, கரோவில் வெளியானார். அங்கே தொடர்ந்து வரைந்த முதல் பெண். அந்தக் காலத்தில் பெண் வரைந்தால் சிறுமியர் இதழுக்கு என்பதுதான் வழக்கம். இவர் அதை ஏற்கவில்லை. மரணம், வெறுமை, ஆண்போலப் புகைத்துக்கொண்டு அறையில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்று வரைந்தார். நோயோடு நெடுநாள் போராடி 1985இல் இறந்தபோது வயது 37.

அவருக்குப் பிறகு யமாதா முராசாகி. தெஸுகா ஒஸாமு நடத்திய "கோம்" இதழில் அறிமுகமாகி, 80களின் தொடக்கத்தில் கரோவில் ஒரு தொடர் எழுதினார். அடுக்குமாடிக் குடியிருப்பில் கணவனும் இரண்டு மகள்களுமாக இருக்கும் ஒரு பெண். பெரிதாக எதுவும் நடக்காது. துணி மடிப்பாள், பிள்ளைக்குச் சோறு கட்டுவாள், கணவன் திரும்பிப் படுத்துக்கொள்வான். ஆனால் படத்தைப் பாருங்கள். சில கட்டங்களில் அவள் முகத்தில் கண்ணும் இல்லை, வாயும் இல்லை, வெறும் விளிம்புக்கோடு. சமையலறையில் நிற்கும் உடம்பு மட்டும் இருக்கும். நான் முதல்முறை பார்த்தபோது அச்சில் விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். இரண்டு பக்கம் தள்ளித்தான் உறைத்தது, வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்று. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதற்கும் சன்மானம் கிடையாது, கரிக்கோடு. உங்கள் கோபத்தில் இவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. கரிக்கோடு

சேர்த்துக்கொண்டேன், மலர்விழி. நன்றி. இந்தப் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். புத்தகம் தேடுகிறேன்.

"கோம்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். அதைக் கொஞ்சம் விரித்தால் நன்றாக இருக்கும். கரோவுக்குப் போட்டியாக வந்ததுதானே?

10. பழையதாள்

ஆமாம். கமுய்தென்னின் வெற்றி தெஸுகாவை உலுக்கியது. 1966 கடைசியில் கோம் வந்தது, அவருடைய "ஹினோதோரி"யை நடுவில் வைத்து. ஒரு பெரிய கதை, அதைச் சுற்றிப் புதியவர்கள் என்ற அதே அமைப்பு. ஆனால் அது 1971 வாக்கில் நின்றுவிட்டது, பிறகு உயிர்ப்பிக்கப் பார்த்தும் நிலைக்கவில்லை. கமுய்தென் முடிந்ததும் அதே ஆண்டுதான். கோம் நின்றுபோனது, கரோ நிற்கவில்லை.

நிற்காததற்குக் காரணம், கரோ தன்னையே மாற்றிக்கொண்டது. ஷிராதோ இல்லை. ட்சுகேவும் 1970க்குப் பிறகு அங்கே வரையவில்லை. ("திறமையில்லாத மனிதன்" கரோவில் வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை, அது 80களில் "கோமிக் பாகு"வில் வந்தது.) ஹயாஷி செய்யிச்சியின் "செகிஷோகு எலெஜி" 1970–71இல் வந்து ஒரு தலைமுறைக்கே பாட்டாகிப்போனது. 1971இல் அகாசேகாவா கென்பெய் "அசாஹி ஜர்னல்" இதழில் வரைந்த ஒரு பக்கத்தால் அந்த இதழையே திரும்பப் பெற்றார்கள். அந்தத் தொடருக்கு இடம் கொடுத்தது கரோ. பிறகு மினாமி ஷின்போ போன்ற இளைஞர்கள் ஆசிரியர் குழுவுக்கு வந்தார்கள். 1976இல் இதோய் ஷிகேசாதோ எழுத, யுமுரா தெருஹிகோ வரைந்த "பெங்குவின் கோஹான்" வந்தது. "ஹெதா-உமா" என்பார்கள், கோணல்மாணலான கை, ஆனால் தேர்ந்த கை. புரட்சிக் கதைக்காகப் பிறந்த இதழில் இதுவா என்று பழைய வாசகர்கள் நொந்துகொண்டார்கள்.

மலர்விழி, இதை எழுதும்போதே உங்கள் பக்கம் சாய்வது எனக்கே தெரிகிறது. ஷிராதோவோடு அந்த இதழ் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையே.

11. ஜிம்போச்சோ நடையன்

முடிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், அது வருத்தமான கதை.

1990இல் செய்ரிந்தோ ஒரு கணினி மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. நகாய் தலைவர் என்ற பெயரோடு ஒதுங்கினார். 1996 ஜனவரியில் இறந்தார். அடுத்த வருடமே, 1997இல், ஆசிரியர் குழுவினர் கூட்டாக வெளியேறினார்கள். செய்ரின்கோகெய்ஷா என்று தனியாகத் தொடங்கி, 1998இல் "ஆக்ஸ்" இதழைக் கொண்டுவந்தார்கள். கரோ நின்று, மீண்டும் வந்து, மீண்டும் நின்று, 2000களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. பெயர் ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம். பழைய ஓவியர்கள் பெரும்பாலும் ஆட்கள் போன பக்கம்தான் போனார்கள்.

செய்ரிந்தோ என்ற பெயரில் இன்று வருவது பெரும்பாலும் வலதுசாரித் தேசியவாத நூல்கள். கமுய்தென்னை வெளியிட்ட அதே பெயர். புத்தகக் கடையில் அந்த முத்திரையைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும்.

12. செந்தூரன்_மொன்றியல்

இஞ்ச, இந்தப் பக்கத்தில அது எப்பிடி வந்து சேர்ந்தது எண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. 1985இல நியூயோர்க்கில ஆர்ட் ஸ்பீகல்மனும் ஃப்ரான்ஸ்வாஸ் மூலியும் நடத்தின "ரோ" இதழ் 7இல, கரோக்காரரின்ர படங்களுக்கெண்டு ஒரு பகுதி. ட்சுகேயின்ர "அகாய் ஹானா"வைத் தனிச் சின்னப் புத்தகமாச் செய்து உள்ள வைச்சவை. மலையோடையில ரத்தச் சிவப்பாப் பூக்கள் மிதந்துபோற கதை. கரோ விற்பனை அடிமட்டத்தில கிடந்த நேரம் அது.

13. ஜிம்போச்சோ நடையன்

பழையதாள் ஐயா தலைப்பில் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பக்கம் இருக்கிறது.

மூன்று வருடம் முன்னால், மழை நாள், ஜிம்போச்சோவில் ஒரு கடையில் பழைய கரோ கட்டு. கடைக்காரர் பெரியவர், என் கைக்குடையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்த பிறகுதான் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். 1965 ஏப்ரல் இதழ். தாள் டீத்தூள் நிறத்துக்கு வந்திருந்தது. ஓரம் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. கமுய்தென் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது, தொடங்கி சில மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த இதழில் ஒரு சின்ன அறிவிப்பு. ட்சுகே யோஷிஹாரு எங்கிருந்தாலும் எங்களைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று. வாடகைக் கடைகள் மூடியதில் அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போயிருந்தது. இதழிலேயே அச்சடித்துத் தேடியிருக்கிறார்கள். அவர் வந்தார். அடுத்த பிப்ரவரியில் "நுமா", மார்ச்சில் "சிக்கோ".

விலை என் கைக்கு எட்டவில்லை. பெரியவர் பக்கத்தை இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே பிடித்திருந்தார்.

14. மலர்விழி_சேலம்

அண்ணா, அவர் விருந்தாளிதான் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆள் அனுப்பித் தேடிக் கூப்பிட்ட விருந்தாளி.

15. பழையதாள்

ஒத்துக்கொண்டேன், அம்மா. "சிக்கோ"விலிருந்து தொடங்குவோமா? யாரிடம் எல்லாம் புத்தகம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

16. செந்தூரன்_மொன்றியல்

என்னட்ட இருக்கு. சனிக்கிழமை பின்னேரம் வாசிச்சிட்டு எழுதிறன்.